புளோரீன் எங்கே நிற்கிறது?

திருகோணமலையில் இரும்பு வைத்திருப்பவர்களுக்குக் கறளைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உப்புவெளியில் வீட்டுக் கேற்றுக்கு எத்தனை முறை பெயின்ற் அடித்தாலும் கீல் இருக்கும் இடத்தில் மண்ணிறக் கோடு இறங்கிவிடும். இலங்கைத்துறை முகத்துவாரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் தகரக் கூரை, ஆணி அடித்த துளையிலிருந்துதான் கரையத் தொடங்கும். வாடைக்காற்றோடு வந்து படியும் உப்பு கச்சான் காலத்து வெயிலில் காயும், இரவுப் பனியில் மறுபடி ஈரமாகும், விடிந்ததும் மறுபடி காயும். இந்த நனைதலும் காய்தலும்தான் இரும்பைத் தின்கிறது.

இந்த மாவட்டத்தில் கறளிலிருந்து காப்பாற்ற வேண்டிய இரும்பு கொஞ்சநஞ்சமல்ல. சீனன்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அமைத்த எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒன்று அழிந்தது. மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காடு மூடிக் கிடந்தன. 2003 இல் லங்கா ஐஓசி நிறுவனம் கீழ்த் தொகுதியைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கைப்படி 14 குதங்கள் அந்த நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என்று பிரிக்கப்பட்டன. இவற்றைத் திருத்திப் பயன்படுத்துவது என்றால், வெளிச்சுவருக்கு எதைப் பூசுவது என்பது கோடிக்கணக்கான ரூபாய்க் கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்று அடிக்கடி கிடைக்கும் பதில் புளோரீன் பெயின்ற். புளோரீன் இருந்தால் வெயில் தாங்கும், தண்ணீர் ஒட்டாது, இருபது முப்பது வருசம் நிற்கும் என்பார்கள். இதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு பெயின்றுக்குள் எவ்வளவு புளோரீன் இருக்கிறது என்பதைவிட, மூலக்கூறில் அது எந்த இடத்தில் நிற்கிறது, பக்கத்தில் எது நிற்கிறது, எந்த ஒழுங்கில் நிற்கிறது என்பவைதான் அந்தப் பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஒரே அளவு புளோரீன் கொண்ட இரண்டு பூச்சுகளில் ஒன்று வெயிலில் நின்றுபிடிக்கும், மற்றது சில வருசத்தில் வெளிறி உதிரும். அதைப் புரிந்துகொள்ள வேதியியல் பட்டம் தேவையில்லை. சங்கிலி ஒன்றை மனத்தில் வரைந்து பார்க்கத் தெரிந்தால் போதும்.

பூச்சைக் கொல்பவை எவை

இரும்பு கறள்பிடிக்க ஒட்சிசன், தண்ணீர் இரண்டும் வேண்டும். உப்பு வேகத்தைக் கூட்டும். 1942 ஏப்ரல் தாக்குதலில் சேதமடைந்து, பின்னர் திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கடிக்கப்பட்ட சகாயிங் என்ற கப்பலை இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் 2018 மார்ச்சில் மிதக்க வைத்தார்கள். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கடலுக்கடியில் கிடந்த உடல் மிதக்கும் நிலையில் இருந்தது. அலை தெறித்து, காய்ந்து, மறுபடி தெறிக்கும் மட்டத்தில் நிற்கும் இரும்புத் தூண் ஒன்று பூச்சு இல்லாமல் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்காது. நீருக்கடியில் ஒட்சிசன் குறைவு. தெறிக்கும் மட்டத்திலோ ஒட்சிசன், ஈரம், உப்பு மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன.

பூச்சின் வேலை இந்த மூன்றையும் இரும்பிடம் போகவிடாமல் தடுப்பது. அதற்கு முன் பூச்சு தானே உயிரோடு இருக்க வேண்டும். பூச்சைக் கொல்வது வெயிலில் உள்ள கழியூதாக் கதிர். பத்து வருசப் பழசான வர்ணத் தகரத்தில் விரலை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். விரல் நுனியில் வெள்ளைத் தூள் படிந்தால், நிறத்தூளைப் பிடித்துவைத்திருந்த பசை வெயிலில் உடைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பசைதான் பல்பகுதியம். ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் கோர்த்த நீண்ட சங்கிலி அது. நிறத்தூள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சங்கிலி அறுந்தால் தகரம் திறந்துவிடும்.

சங்கிலியை அறுக்கும் சக்தி எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். தரைக்கு வந்துசேரும் கழியூதாக் கதிரில் 300 நனோமீற்றர் அலைநீளமுள்ளது மூல் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 கிலோயூல் சக்தி கொண்டது. காபனும் காபனும் சேர்ந்த பிணைப்பை உடைக்க ஏறக்குறைய 350 கிலோயூல் போதும். காபன் - ஐதரசன் பிணைப்புக்கு 410 சொச்சம். காபன் - புளோரீன் பிணைப்புக்கோ 485 வேண்டும். தரைக்கு வரும் வெயிலிடம் அவ்வளவு சக்தி இல்லை.

இந்த எண்களை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் பாதி விசயம் விடுபட்டுப்போகும். கதிர் எதையும் உடைக்க வேண்டுமானால் முதலில் அதை மூலக்கூறு உறிஞ்ச வேண்டும். எப்பொக்சிப் பூச்சில் உள்ள பென்சீன் வளையங்கள் கழியூதாக் கதிரை நன்றாக உறிஞ்சும். அதனால்தான் எப்பொக்சி இரும்பில் அருமையாக ஒட்டியும், வெயிலில் வைத்தால் சீக்கிரம் வெளுத்துத் தூளாகிறது. புளோரீன் மூடிய சங்கிலி அந்தக் கதிரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, ஊடாகப் போகவிட்டுவிடும். இது ஒரு வரம், ஒரு ஆபத்தும்கூட. நிறத்தூள் இல்லாத தெளிவான புளோரீன் பூச்சை எப்பொக்சிக்கு மேல் அடித்தால் மேல்பூச்சு நன்றாக இருக்கும், அதை ஊடறுத்துப் போன கதிர் கீழே எப்பொக்சியைத் தூளாக்கும், கடைசியில் மேல்பூச்சு முழுசாக உரிந்து விழும். கதிரை உறிஞ்சும் வேறொரு பொருளை அதில் கலக்க வேண்டும், அல்லது நிறத்தூள் போட்டு ஒளியை மறைக்க வேண்டும்.

முழுக்கப் புளோரீன் என்றால்

1938 ஏப்ரல் 6 ஆம் திகதி, அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனத்தில் வேலை செய்த ரோய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை. உருளையின் நிறையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். டெப்லோன் என்று இன்று உலகம் அறிந்த பொருள் அது. காபன் சங்கிலி ஒன்று, அதன் இரு பக்கமும் புளோரீன் மட்டும். புளோரீன் அணு ஐதரசனைவிடப் பருமன். அதனால் சங்கிலி நேராக நீள முடியாமல் மெல்ல முறுகி, அந்த முறுகலில் புளோரீன்கள் நெருக்கமாக அடுக்குண்டு, உள்ளே இருக்கும் காபன் சங்கிலியை இடைவெளியின்றி மூடிவிடுகின்றன. அமிலமோ காரமோ உள்ளே புக வழியில்லை. தண்ணீர்த் துளி அதன்மேல் 110 பாகை அளவுக் கோணத்தில் உருண்டு நிற்கும்.

இவ்வளவு சிறந்த பொருளை ஏன் எண்ணெய்க் குதத்துக்குப் பூசவில்லை? பூச முடியாது. அது எந்தக் கரைப்பானிலும் கரையாது. 327 பாகை செல்சியசில் உருகினாலும் சங்கிலிகள் மிக நீளமாக இருப்பதால் தண்ணீராக ஓடாது. தூளாகத் தூவி, 370 பாகையை ஒட்டிய சூட்டில் வேகவைத்து ஒட்டவைக்க வேண்டும். தாச்சிக்குச் செய்யலாம், சீனன்குடாவில் ஒரு குதத்தை அடுப்பில் வைக்க முடியாது. வேகவைத்தாலும் நுண்துளைகள் எஞ்சும். அந்தத் துளை ஒவ்வொன்றும் உப்புத் தண்ணீருக்கு வாசல். எதுவும் ஒட்டாத பொருள் தானும் எதிலும் ஒட்டாது என்பதும் இருக்கிறது. சமையலறையில் நமக்கு வேண்டிய அதே குணம் இரும்புச் சுவரில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. புளோரீன் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பாதுகாப்பும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணம் இங்கேயே உடைகிறது.

அடுத்தபடியாகக் கண்டுபிடித்த வழி, பாதிக்கு ஐதரசனை விட்டுவைப்பது. இரண்டு ஐதரசன் கொண்ட காபன், அடுத்தது இரண்டு புளோரீன் கொண்ட காபன், மறுபடி ஐதரசன், மறுபடி புளோரீன் என்று மாறிமாறி வரும் சங்கிலி. தொழிலில் பிவிடிஎப் என்பார்கள். இது 170 பாகையை ஒட்டிய சூட்டிலேயே உருகும். அக்கிரிலிக் என்ற பெயின்ற் பசையோடு நன்றாகக் கலக்கும். காரணம் மூலக்கூறு அமைப்பில்தான் இருக்கிறது. புளோரீன் பக்கத்தில் நின்று இலத்திரனை இழுப்பதால் ஐதரசன்கள் சற்று நேரேற்றம் பெறுகின்றன, அக்கிரிலிக்கின் ஒட்சிசன் அவற்றை நோக்கிச் சாய்கிறது. நூற்றுக்கு எழுபது பங்கு பிவிடிஎப், முப்பது பங்கு அக்கிரிலிக் என்ற கலவை 1960 களின் நடுவிலிருந்து கட்டடத் தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் பயன்படுகிறது. பிவிடிஎப்பின் ஒரு பகுதி பளிங்குருவாக இறுகி அடுக்குண்டு தண்ணீரை மறிக்கும். அக்கிரிலிக் ஒட்டுதலையும் மினுக்கத்தையும் கொடுக்கும்.

ஆனால் இதற்கும் ஆலைச் சூடு வேண்டும். 230 பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் இரண்டும் உருகி ஒன்றாகும். ஆகவே ஆலையில் பூசிச் சுருளாக வரும் தகரத்துக்கு இது மிக நல்ல பூச்சு, வீட்டு முற்றத்தில் வைத்து அடிக்கும் பூச்சாக ஒருபோதும் ஆகாது. கடற்கரையில் கூரை போடுபவர்கள் தகரம் வாங்கும்போது நிறத்தையும் தடிப்பையும் மட்டும் பார்க்கிறார்கள். மேலே இருப்பது சாதாரண பொலியெஸ்ரரா பிவிடிஎப்பா என்று கேட்பவர் அரிது. விலை வித்தியாசம் பெரிது, கடற்கரையில் ஆயுள் வித்தியாசமும் பெரிது. கேட்டே ஆக வேண்டும். நல்ல தகரத்தை வாங்கி, கூரையில் வைத்து வாளால் அறுத்து, அறுத்த ஓரத்தை மூடாமல் விட்டால் போட்ட காசு வீண் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓரத்தில் எந்தப் பூச்சும் இல்லை.

பிவிடிஎப்புக்கு இன்னொரு பலவீனமும் அதே அமைப்பிலிருந்துதான் வருகிறது. ஐதரசனும் புளோரீனும் அடுத்தடுத்த காபன்களில் இருப்பதால், கடும் காரம் பட்டால் ஒரு ஐதரசனும் ஒரு புளோரீனும் சேர்ந்து கழன்றுபோகும். மிஞ்சும் சங்கிலி கருகி நொறுங்கும். டெப்லோனில் கழற்ற ஐதரசனே இல்லாததால் இந்த வழி அடைபட்டிருக்கிறது. எந்தக் குழாய்க்கு, எந்தத் தாங்கிக்கு உள்பூச்சு என்று முடிவெடுக்கும் பொறியியலாளருக்கு இந்த ஒரு வித்தியாசம் முக்கியம்.

ஒன்றுவிட்டு ஒன்று

அடுப்பில் வைக்க முடியாத பெரிய இரும்புக்கு விடை 1982 இல் யப்பானில் வந்தது. அசாகி கிளாஸ் நிறுவனம் லூமிபுளொன் என்ற பெயரில் வெளியிட்ட பல்பகுதியம் சாதாரணக் கரைப்பானில் கரையும், தூரிகையாலும் றோலராலும் அடிக்கலாம், சாதாரண வெப்பநிலையிலேயே இறுகும். புளோரீன் பூச்சுகளின் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். அமைப்பைப் புரிந்துகொண்டால் ஒரு பலவீனமான பொருளைக்கூடப் பலமாக்கலாம் என்பது இங்கே கண்ணால் காணும்படி இருக்கிறது.

இந்தச் சங்கிலியில் இரண்டு வகை அலகுகள். ஒன்று புளோரீன் நிறைந்த எதிலீன் அலகு. மற்றது வைனைல் ஈதர் என்ற புளோரீன் இல்லாத அலகு. வைனைல் ஈதர் தனியாக இருந்தால் வெயிலுக்கு ஒன்றுக்கும் உதவாது. ஈதர் ஒட்சிசனுக்கு அருகே உள்ள ஐதரசனை ஒட்சியேற்றம் எளிதில் பறித்துவிடும், அங்கிருந்து சங்கிலி அறும். ஆனால் இந்த இரண்டு அலகுகளும் சேரும்போது ஒன்று இலத்திரனை இழுக்கும் இயல்பு, மற்றது கொடுக்கும் இயல்பு. ஆகவே தம் இனத்தோடு சேராமல் எப்போதும் மற்ற இனத்தோடேயே சேரும். சங்கிலி முழுவதும் புளோரீன் அலகு, ஈதர் அலகு, புளோரீன் அலகு, ஈதர் அலகு என்று தவறாமல் மாறி வரும். கோணேசர் கோயில் தேர்க்கூட்டத்தில் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே ஒரு பிள்ளை என்று கைகோத்துக்கொண்டு நடந்தால் எந்தப் பிள்ளையும் தனித்துப்போகாது. அதுபோல ஒவ்வொரு ஈதர் அலகுக்கும் இரு பக்கமும் புளோரீன் காவல் நிற்கிறது.

இதே அலகுகளை இதே அளவில் எடுத்து, ஒழுங்கில்லாமல் சேர்த்தால் என்ன ஆகும்? அங்கங்கே இரண்டு மூன்று ஈதர் அலகுகள் அடுத்தடுத்து வரும். மொத்தப் புளோரீன் அளவு ஒன்றுதான், ஆய்வுகூட அறிக்கையிலும் ஒரே எண்தான் வரும். ஆனால் காவல் இல்லாத அந்த இடங்களில் வெயில் முதலில் வாய்வைக்கும். சங்கிலி அறுவதற்கு எல்லா இடத்திலும் பலவீனம் தேவையில்லை, ஒரு இடம் போதும்.

ஈதர் அலகுகள் காவலைப் பெறுவதற்கு மட்டும் நிற்பவை அல்ல. புளோரீன் தர முடியாத எல்லாவற்றையும் அவைதான் தருகின்றன. அவற்றில் தொங்கவிடும் கிளையைப் பொறுத்துப் பூச்சின் குணத்தை மாற்றலாம். வளையமான பருத்த கிளை வைத்தால் பூச்சு கடினமாகும், அழுக்கு ஒட்டாது. நீளமான மெல்லிய கிளை வைத்தால் வளைந்து கொடுக்கும். அமிலத் தொகுதி வைத்தால் நிறத்தூளோடு நன்றாகச் சேரும். ஐதரொட்சில் தொகுதி வைத்தால் இரண்டாவது டின்னில் வரும் இறுக்கியான ஐசோசயனேற்றோடு பிணைந்து, தனித்தனிச் சங்கிலிகள் எல்லாம் ஒரே வலையாகும். வலையின் கண் நெருக்கமானால் தண்ணீரும் கரைப்பானும் உள்ளே புகுவது குறையும். அளவுக்கு மீறி நெருங்கினால் பூச்சு விறைத்து, பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் உருக்குத் தகட்டின்மேல் வெடிக்கும். எண்ணெய்க் குதம் நிரம்பும்போதும் வடியும்போதும் சுவர் சற்றே உப்பி அடங்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே கலவை விகிதத்தைக் கண்மட்டத்தில் ஊற்றும் வழக்கம் இந்தப் பெயின்றுக்கு ஆகவே ஆகாது. பாஸ்மாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் விலையுயர்ந்த டின்னை மட்டும் கையில் கொடுப்பது அநியாயம்.

யப்பானில் 1998 இல் திறந்த அகாசி கைக்கியோ தொங்குபாலத்துக்கும், 2012 இல் திறந்த 634 மீற்றர் உயர தோக்கியோ ஸ்கைற்றிக்கும் புளோரீன் மேல்பூச்சுதான். 2005 இல் அந்த நாட்டின் நெடுஞ்சாலைப் பாலங்களுக்கான பூச்சு வழிகாட்டி நூல் இவ்வகை மேல்பூச்சை வழமையான தெரிவாக்கியது. கணக்கு எளிது. கடலுக்கு மேலே சாரம் கட்டி, வேலையாட்களை ஏற்றி, பழசைச் சுரண்டி மறுபடி அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் பெயின்றின் விலை சிறிது.

கிளை நுனியில் நிற்கும் புளோரீன்

புளோரீனைத் தாய்ச் சங்கிலியில் வைக்காமல், அக்கிரிலிக் சங்கிலியிலிருந்து தொங்கும் கிளைகளின் நுனியில் வைப்பது இன்னொரு வழி. துணிக்கும் கல்லுக்கும் பூசும் நீர்விலக்கிகள் பல இந்த வகை. மூன்று புளோரீன் கொண்ட கிளை நுனிகள் காற்றைத் தேடி மேற்பரப்புக்கு வந்து நெருக்கமாக நிற்கும். பொருட்களின் மேற்பரப்பு எவ்வளவு இழுக்கும் என்பதை மீற்றருக்கு மில்லிநியூட்டனில் அளப்பார்கள். பொலிதீன் 31 அளவில் நிற்கும், டெப்லோன் 18 அளவில். இந்த நுனிகளை முழு ஒழுங்கோடு அடுக்கினால் ஏழுக்கும் கீழே போகலாம். கொஞ்சப் புளோரீனைக்கொண்டு டெப்லோனை மிஞ்சும் மேற்பரப்பு. கேட்க மலிவாகவும் அழகாகவும் இருக்கிறது.

இரண்டு சிக்கல்கள். முதலாவது, கிளையின் நீளம். புளோரீன் ஏறிய காபன் எட்டோ அதற்கு மேலோ இருந்தால் கிளைகள் பக்கத்தில் பக்கமாகப் பளிங்குபோல இறுகி நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அவை அசையா. ஆறாகக் குறைத்தால் அந்த இறுக்கம் வராது. தண்ணீர் சற்று நேரம் தங்கினால் கிளைகள் புரண்டு, உள்ளேயிருந்த அக்கிரிலிக்கின் எசுத்தர்த் தொகுதிகள் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிவிடும். முதல் துளி அழகாக உருளும், மழை நின்றபின் பார்த்தால் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் எட்டையே வைத்திருக்கலாமே என்றால், அந்த எட்டுக் காபன் கிளை சிதைந்தால் வருவது பிஎப்ஓஏ என்ற, எந்த உயிரியும் செரிக்க முடியாத நச்சு. அதன் உறவுப் பொருளான பிஎப்ஓஎஸ் 2009 இலும், பிஎப்ஓஏ 2019 இலும் ஸ்ரொக்கோம் சமவாயத்தின் பட்டியலில் ஏறின. இலங்கையும் அந்தச் சமவாயத்தில் ஒரு தரப்பு. ஆகவே உற்பத்தியாளர்கள் குறுங்கிளைக்குத் திரும்பி, தாய்ச் சங்கிலியில் ஒரு மெதைல் தொகுதியையோ குளோரீனையோ வைத்து அதை விறைப்பாக்கி, கிளை புரள்வதைத் தடுக்கப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல், காவல் நுனியில் நிற்கிறது, தாய்ச் சங்கிலியோ வெறுமனே கிடக்கிறது. இத்தாலியில் பீசா, புளோரன்ஸ், மிலான் நகரங்களின் ஆய்வாளர்கள் 1990 களில் பழைய கட்டடக் கற்களைக் காக்க இப்படியான பல்பகுதியங்களைச் செய்து பார்த்தார்கள். தண்ணீரை விலக்கும் குணம் ஒன்று, வெயிலைத் தாங்கும் குணம் வேறொன்று, ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எண்ணக் கூடாது என்பது அந்த வேலைகளிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். அதற்கு முன் புளோரன்ஸில் புளோரீன் நிறைந்த ஈதர் எண்ணெய்களைக் கல்லுக்குப் பூசினார்கள். வெயிலுக்கு அவை அசையவில்லை, ஆனால் கல்லைப் பிடித்துக்கொள்ள அவற்றிடம் எதுவும் இல்லாததால் காலப்போக்கில் கல்லுக்குள் நகர்ந்துபோயின. பின்னர் கல்லைப் பற்றும் அமைட்டுத் தொகுதியை நுனியில் சேர்த்து அவற்றை நிறுத்தினார்கள்.

இதை எழுதும்போது திருகோணமலையின் பிரட்ரிக் கோட்டை வாசலில் பதிந்திருக்கும் கல் நினைவுக்கு வருகிறது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டு 1624 இல் கோட்டை கட்டினார்கள். தமிழ் எழுத்தும் மீன் உருவும் கொண்ட அந்தக் கல் வாசலில் இன்றும் நிற்கிறது, எழுத்தின் விளிம்புகள் மழுங்கிக்கொண்டு வருகின்றன. நீர்விலக்கி ஒன்றைப் பூசினால் காப்பாற்றலாமே என்று தோன்றுவது இயல்பு. அவசரப்படக் கூடாது. கடற்கரைக் கல்லுக்குள் உப்பு ஏற்கனவே இருக்கிறது. நிலத்திலிருந்தும் சுவரின் பின்பக்கத்திலிருந்தும் ஈரம் ஏறுகிறது. முகத்தை மூடினால் அந்த ஈரம் பூச்சுக்குப் பின்னால் வந்து நின்று, உப்பு அங்கேயே பளிங்காகி, எழுத்தோடு சேர்த்து ஒரு படலமாகத் தள்ளிவிடும். உள்ளே எவ்வளவு உப்பு இருக்கிறது, ஈரம் எந்தப் பக்கமாக வருகிறது என்று அளந்து முடிக்கும்வரை அந்தக் கல்லில் எதையும் பூசாமல் விடுவதே பாதுகாப்பு.

அடியில் இருப்பது

மேல்பூச்சு எவ்வளவு சிறந்ததானாலும் இரும்பைக் காப்பது அது மட்டுமல்ல. புளோரீன் பல்பகுதியங்கள் ஒட்சிசனை முழுசாகத் தடுப்பவை அல்ல. அவற்றின் வேலை வெயிலை வாங்கிக்கொண்டு கீழே உள்ளவற்றைக் காப்பது. கீழே நாகத்தூள் நிறைந்த முதற்பூச்சு இருக்கும், கீறல் விழுந்தால் இரும்புக்குப் பதிலாக நாகம் அரிபடும். நடுவில் எப்பொக்சி, ஈரத்தை மறிக்கும். மேலே புளோரீன், எப்பொக்சியை வெயிலிலிருந்து மறைக்கும். மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் நெடுநாள் நிற்கமாட்டா.

அதற்கும் அடியில் உப்பு. மணல் வீசிச் சுத்தம் செய்த உருக்கு வெள்ளிபோல மின்னினாலும், இரவு முழுக்கக் கடற்காற்றில் விட்டால் காலையில் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். அதன்மேல் பூசினால், பூச்சை ஊடறுத்து வரும் துளி ஈரத்தையும் அந்த உப்பு இழுத்துவைத்துக் கொப்புளமாக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, உப்பை அளந்து, காய்ந்தபின், பனி இறங்க முன் பூசி முடிக்க வேண்டும். போல்ற் தலை, வெல்டிங் தையல், தகட்டின் கூர் விளிம்பு ஆகிய இடங்களில் ஈரப் பெயின்ற் தானாகவே விலகி மெலியும். அங்கே முதலில் கைத்தூரிகையால் ஒரு கோடு அடித்துவிட்டே மற்ற இடத்துக்குப் போக வேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாம்பனில் வேறொரு தெரிவைச் செய்திருக்கிறார்கள். 1914 இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டி 2025 ஏப்ரல் 6 இல் திறந்துவைத்த புதிய பாலத்துக்குப் பொலிசிலொக்சேன் பூச்சு. அதன் சங்கிலியில் சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறி வரும், அந்தப் பிணைப்பை உடைக்க 450 கிலோயூல் அளவு வேண்டும். தரைக்கு வரும் வெயிலால் அதையும் உடைக்க முடியாது. புளோரீன் இல்லாமலே அந்த இலக்கை நெருங்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று. நம் துறைமுகத்திலிருந்து அதைக் கவனித்துக்கொண்டிருப்பது பயன் தரும். வெயிலும் உப்பும் இரு கரைக்கும் பொதுதான்.

கப்பலின் அடிப்பாகத்திலும் புளோரீனுக்கு எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க மேற்பரப்பு இழுவிசை குறைந்தால் போதும் என்றால் டெப்லோன்தான் முதலிடம் வர வேண்டும். நடைமுறையில் அதைவிட இழுவிசை கூடிய, ஆனால் றப்பர்போல மெத்தென்ற சிலிக்கோன் பூச்சிலிருந்துதான் சிப்பிகள் எளிதில் கழன்று விழுகின்றன. விறைத்த பரப்பிலிருந்து சிப்பியைப் பெயர்ப்பது கடினம், வளையும் பரப்பிலிருந்து உரிப்பது எளிது. சங்கிலி எவ்வளவு தளர்ந்து அசைகிறது என்பது இங்கே புளோரீனை வென்றுவிடுகிறது.

ஆகவே சீனன்குடாக் குதங்களுக்கோ, ஒரு பாடசாலையின் கூரைக்கோ புளோரீன் பூச்சு என்று யாராவது விலைமனு தந்தால், நூற்றுக்கு எத்தனை புளோரீன் என்ற எண்ணோடு திருப்தியடைய வேண்டாம். புளோரீன் தாய்ச் சங்கிலியிலா கிளையிலா, மாறிமாறி வரும் அமைப்பா வெறும் கலவையா, ஆலைச் சூட்டில் இறுகுவதா இந்த முற்றத்திலேயே இறுகுவதா, அடியில் எத்தனை பூச்சு, பூச முன் உப்பை யார் அளப்பார் என்று கேளுங்கள். இன்னும் ஒன்றையும் கேட்க வேண்டும். இந்தப் பூச்சு ஒருநாள் களையப்படும். உடையாத பிணைப்பு மண்ணிலும் உடையாது. 2023 ஜனவரியில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் இவ்வகைப் புளோரீன் சேர்மங்கள் முழுவதையும் கட்டுப்படுத்தும் முன்மொழிவை வைத்ததற்கு அதுவே காரணம். குதங்களுக்குப் பக்கத்தில் தம்பலகாமக் குடா இருக்கிறது, அதில் வலை போடும் குடும்பங்கள் இருக்கின்றன. மணல் வீசிப் பழைய பூச்சைக் களையும்போது குதத்தைச் சுற்றிப் படங்கு கட்ட வேண்டும், விழும் தூளை அள்ளி மூடிய பீப்பாயில் அடைத்து எடை பார்த்துக் கணக்கு வைக்க வேண்டும் என்ற நிபந்தனை, பெயின்ற் வாங்கும் அதே ஒப்பந்தத்தில், செலவுத் தொகையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.